படிக்கத் தெரிந்த வரியில் ஒரு கோடு

அடியே,

நேற்று பாண்டி பஜாரில் ஒரு கைபேசிக் கடையில் நின்றுகொண்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துத் தொலைத்தேன். கடைக்காரப் பெண் பயந்தே போனாள். இந்த வயதில் எனக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாள், பாவம்.

என் பழைய கைபேசி இட்லி மாவுப் பாத்திரத்துக்குள் விழுந்து உயிரை விட்டுவிட்டது. புதிது வாங்கப் போனேன். அந்தப் பெண் பெட்டியைப் பிரித்து, பொத்தானை அழுத்தி, "முதல்ல லாங்வேஜ் செலக்ட் பண்ணுங்க ஆன்ட்டி" என்று கையில் கொடுத்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தேன். திரை முழுக்க மொழிகள். தமிழ் என்று தமிழில். அதற்குக் கீழே தெலுங்கு, தெலுங்கு எழுத்தில். மலையாளம் மலையாளத்தில், கன்னடம் கன்னடத்தில். விரலால் தள்ளிக்கொண்டே போனால் உருது, உருது எழுத்தில். உனக்குப் படிக்க வருகிற வரியைத் தொடு, அவ்வளவுதான்.

"நம்ம கார்டுடீ!" என்று கத்திவிட்டேன்.

"எந்தக் கார்டு ஆன்ட்டி? சிம் கார்டா?" என்றாள் அவள்.

அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ இருந்திருந்தால் நேற்றே உன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்திருப்பேன். இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது எழுபதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. தையல் மெஷின் கம்பெனி. கிண்டி எஸ்டேட்டில் தொழிற்சாலை, தியாகராய நகரில் ஒரு மாடியில் ஆபீஸ். அந்த மாடியில் ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும். நாம் உள்ளே குளிர்சாதனத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பஸ்ஸில் நம் கையில் ஸ்வெட்டரைப் பார்த்து ஒரு கண்டக்டர், "இன்னாமா, ஊட்டிக்கா?" என்று கேட்டாரே, அன்று முழுக்க நீ அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நமக்கு வேலை கார்டில் ஓட்டை போடுவது. மெஷின் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பெயர், ஊர், மெஷின் நம்பர் எல்லாம் எண்பது கட்டத்துக்குள் ஓட்டைகளாக விழும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பின்னலுக்குள் பொடிப்பொடிக் காகிதத் துணுக்குகள் இருக்கும். எங்கள் நைனா, "பொண்ணை ஆபீஸுக்கு அனுப்பறமா, கல்யாண ஊர்வலத்துக்கா?" என்பார்.

நான் ஓட்டை போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கினால் போதும் என்று இருந்தவள். நீ அப்படி இல்லை. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய ஆள் வேலையை விட்டுப் போய், அவருடைய பச்சை ரெக்ஸின் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் நீ அதைத் துடைப்பாய். ஒருநாள் கேட்டேன், "அது என்ன உங்க தாத்தா சொத்தா?" நீ சிரிக்கவில்லை. "கணக்குல பி.எஸ்ஸி. படிச்சிட்டு ஓட்டை போட்டுகினே கிழவி ஆகணுமாடி? அதுல நான் உக்காருவேன், பார்த்துகினே இரு" என்றாய். நம் மேனேஜருக்கோ அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்காருவது என்பது கனவிலும் வராத விஷயம். எப்போதும் கட்டம் போட்ட சட்டைதான் போடுவார் என்பதால் அவருக்கு 'கட்டம்' என்று நாம் பெயர் வைத்திருந்தோம். பம்பாயிலிருந்து ஒருவரைக் கொண்டுவரக் கட்டம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் துரைக்கண்ணு நெல்லூரிலிருந்து திரும்பி வந்தார். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் ஊராகப் போய் மூன்று நாள் தங்கி, நம் மெஷின்களுக்கு இலவசமாக எண்ணெய் போட்டு, பழுது பார்த்துக் கொடுக்கும் முகாம் அவருடையது. முகாமுக்கு முன்னால் நம் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் கடிதம் அடிக்கும். அன்று அவர் எண்ணெய்க் கறை படிந்த பையை நம் மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"மூணு நாளு சத்திரத்துல குந்திகினு இருந்தேன். ஒரு ஈ காக்கா வர்ல. லெட்டரை யாருக்குத்தான் போட்டீங்க?"

"எல்லாருக்கும்தான் போட்டோம்" என்று நான் சீறினேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம்.

"போட்டீங்க. இங்கிலீசுல போட்டீங்க. அங்க ஒரு அம்மா அதை வெச்சு அடுப்பு விசிறிகினு கீது. நான் கண்ணால பார்த்தேன்."

நீ எழுந்து நேராகக் கட்டத்தின் அறைக்குப் போனாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். கடிதம் அவரவர் மொழியில் போக வேண்டும் என்று நீ சொன்னாய். கட்டம் மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார், "என்னம்மா சொல்லிண்டிருக்க? அந்தப் பிரிண்டருக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்து தெரியும், ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் தெரியும். தமிழுக்கும் தெலுங்குக்கும் அது எங்கே போகும்?"

"நான் போக வைக்கறேன் சார்."

"வெச்சா?"

"அந்த நாற்காலி எனக்கு."

கட்டம் டப்பாவை மறுபடி திறந்தார். "மூணு கேம்ப் வரது. மயிலாப்பூர், ஆம்பூர், மறுபடியும் நெல்லூர். ஜனம் வந்தா நாற்காலி உனக்கு. வரலைன்னா பம்பாய்க்காரர் வருவார், நீ பஞ்ச் ரூம்லயே இருக்கணும், அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கப்படாது. சரியா?" "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

ஒரு வாரம் உனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கிலீஷ் எழுத்து மட்டுமே தெரிந்த பிரிண்டரை வைத்துக்கொண்டு தெலுங்கில் எப்படி எழுதுவது? அப்புறம் ஒரு மத்தியானம் என் நைனாவின் வேட்டிகளை வாங்க ஆபீஸுக்குக் கீழே இருந்த லாண்டரிக்குப் போனோம். லாண்டரிக்காரர் சீட்டில் எதையும் எழுதவில்லை. வேட்டி, சட்டை, புடவை என்று ஏற்கெனவே அச்சடித்திருந்த பட்டியலில் வேட்டிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கீறல் கீறினார். நீ அந்தச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாய். அவர், "சீட்டைக் குடும்மா, துணி வேணாமா?" என்று கத்துகிறார். நீ மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாய். வேட்டி கடையிலேயே கிடந்தது. நைனாவுக்கு நான்தான் பதில் சொன்னேன்.

உன் யோசனை அவ்வளவு எளிது. கடிதம் முழுவதையும் அந்தந்த மொழியில் முன்கூட்டியே அச்சடித்துவிடுவது. முகாம் எங்கே நடக்கும் என்பதற்கு அதில் ஒரு பட்டியல்: பள்ளிக்கூடம், சத்திரம், சினிமாக் கொட்டகை, பஸ் நிலையம். கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதெல்லாம் தேதியை எண்ணில் அடிப்பது, சரியான வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது.

"நட்சத்திரத்துக்கு என்னடி மொழி? அது எல்லா ஊர்லயும் நட்சத்திரம்தானே!" என்றாய். பேச முடியாத மெஷினை நீ ஐந்து மொழி பேச வைத்துவிட்டாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி சரி, டீ ஆறுது, குடி" என்றேன்.

இனி யாருக்கு எந்த மொழிக் கடிதம் என்று தெரிய வேண்டும். கார்டில் எழுபத்தொன்பதாம் கட்டம் சும்மா இருந்தது. அதில் மொழிக்கு ஒரு எண் போட்டால் மெஷின் கார்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அந்த எண்ணை எப்படிப் போடுவது என்று நீ யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் குறுக்கே பாய்ந்தேன். "இதுல என்ன யோசனை? ஊரைப் பார்த்துப் போட வேண்டியதுதான். நெல்லூர்னா தெலுங்கு. பாலக்காடுன்னா மலையாளம். ஆம்பூர்னா தமிழ். கொடு, ரெண்டே நாள்ல முடிக்கறேன்." நீ தயங்கினாய். நான் விடவில்லை. சொன்னபடியே இரண்டு நாளில் தாள் தாளாக எழுதி முடித்தேன். என்னைப் போல் கெட்டிக்காரி உண்டா என்று பெருமை வேறு.

மயிலாப்பூர்க் கடிதங்கள் போயின. முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாய். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் உங்கள் வீடு. கூடத்தில் நம் கம்பெனி மெஷின்தான். உன் அம்மா, நீ கூப்பிடுகிற அம்மி, அதில் தைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியும். "பேட்டீ, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று எனக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்தார். ஜாடியின் வாயில் ஒரு காகிதம் போட்டு நூலால் கட்டியிருந்தது. அந்தக் காகிதத்தில் ஒரு நட்சத்திரம்.

நாம் இருவரும் அதையே பார்த்தோம். எண்ணெய் ஊறி, மஞ்சள் பிடித்து, நம் கடிதம்.

"அம்மி, இது எங்க ஆபீஸ் லெட்டர்!" என்றாய்.

"அப்படியா? ஏதோ நோட்டீஸ்னு நினைச்சேன். நல்ல தடிக் காகிதம்" என்றார் அம்மி. அவர் தமிழ் கடகடவென்று பேசுவார். படிக்க வராது. படிப்பது உருது மட்டும்தான். அது எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். "என் அம்மிக்கே படிக்கத் தெரியாத லெட்டரை அனுப்பிட்டேன்டி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன், அம்மியும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். சட்டென்று உன் சிரிப்பு நின்றது. "கமலி, ஆம்பூர்" என்றாய். ஆம்பூரில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களில் எத்தனை அம்மிகள்! நான் எல்லாருக்கும் தமிழ் என்று போட்டிருந்தேன்.

மயிலாப்பூர் முகாமுக்கு ஏதோ பரவாயில்லை என்கிற அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆம்பூருக்கு ஒரு மாதம் இருந்தது. முகாம் முடிந்த திங்கட்கிழமை கட்டத்திடம் போய் நின்றோம். ஊரைப் பார்த்து மொழி போட்டது தப்பாகிவிட்டது, எல்லாருக்கும் 'உங்களுக்கு எந்த மொழி வேண்டும்' என்று கேட்டு முதலில் ஒரு கார்டு அனுப்ப வேண்டும் என்றாய். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊரை வெச்சு மொழி போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் சார்" என்றாய்.

நான் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. வாய் ஓயாமல் பேசுகிறவள், பேச வேண்டிய அன்று ஊமையாக நின்றேன். "நாளைக்குச் சொல்றேன், போங்கோ" என்று அனுப்பிவிட்டார். மாடிப்படியில் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டி பொய் சொன்ன? நாற்காலி போயிடுமேடி!"

"போனா நாற்காலிதானே போகும். உனக்கு வேலையே போயிடும். அப்புறம் உங்க நைனா அடுத்த முகூர்த்தத்துலயே உன்னை எவன் தலையிலயாவது கட்டிடுவாரு. நான் யார்கூட பஸ்ல வர்றது?" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உன் கண் அந்தப் பச்சை நாற்காலிப் பக்கம் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன்.

அன்று வீட்டில் எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலையில் உனக்கு முன்னால் ஆபீஸுக்குப் போய், கட்டத்தின் அறைக்குள் நுழைந்து, ஒரே மூச்சில் சொன்னேன். "சார், மொழி போட்டது நான். அவ இல்ல. என்னை வேலையை விட்டு எடுத்தாலும் பரவாயில்லை, அவ நாற்காலியை எடுக்காதீங்க."

அவர் மூக்குப்பொடியைப் போட்டுக்கொண்டு, தும்மி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்து என் தாள்களை எடுத்துப் போட்டார். "நேத்தே தெரியும். இந்தக் கோழிக் கிறுக்கல் இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு இருக்கு? உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல வரேள்னு பார்த்துண்டிருந்தேன். போ, கார்டை அடிக்கச் சொல்லு." நான் அவருக்குக் கட்டம் என்று பெயர் வைத்ததற்கு அன்றுதான் முதல் தடவையாக வெட்கப்பட்டேன். பெயரை மாற்றவில்லை, அது வேறு விஷயம்.

கார்டு எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குள் அடுத்த சண்டை. பெயரைப் பார்த்து மொழி போட்டாலே பாதி வேலை மிச்சம் என்றேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உன் முழுப் பேரைப் பார்த்தா நான் தெலுங்குனு போடுவேன். வீட்ல நைனா நைனான்னு தெலுங்குதானே பேசுற? ஒரு வரி தெலுங்கு படி பார்ப்போம்" என்றாய். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

எந்த மொழி படிப்பீர்கள் என்று எந்த மொழியில் கேட்பது? அதற்கும் நீயே வழி கண்டுபிடித்தாய். ஒரே வாக்கியம், உருதுவையும் சேர்த்து ஆறு மொழியில், ஒன்றன்கீழ் ஒன்றாக: 'இதைப் படிக்க முடிந்தால், இந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள்.' வேறொன்றும் இல்லை. உருது வரியைத் திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவரிடம் கையால் எழுதி வாங்கி வந்தாய். மை காயும்வரை அதை ஊதிக்கொண்டே நின்றாயாம்.

பதில்கள் வந்தனவே, அடேயப்பா! தபால்காரர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வருவார். ஒரு வரியில் கோடு போட்டவர்கள், இரண்டு வரியில் போட்டவர்கள், ஆறிலும் போட்டுவிட்டு நாலில் எழுத்துப்பிழை இருப்பதாக எழுதிய ஓய்வுபெற்ற வாத்தியார். ஆம்பூரிலிருந்து உருது வரியில் கோடு போட்டவை தனியாக ஒரு குவியல். நெல்லூரில் தமிழ், பாலக்காட்டில் தமிழ், மதுரையில் தெலுங்கு. என் ஊர்க்கணக்கைக் கண்ணெதிரே பிய்த்துப் போட்டார்கள் ஜனங்கள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொள்வேன், நீ ஒவ்வொன்றுக்கும் கைதட்டுவாய்.

ஒரு கார்டில் கோடே இல்லை. ஓரத்தில் ஏதோ நீலக் கறை. நான் அதைக் குப்பைக் கூடையில் போட்டேன். நீ குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் காட்டினாய். "கறை இல்லடி. கைநாட்டு."

ஏழாவது ஒரு ஆள் இருக்கிறார் என்பது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. எந்த வரியும் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, மையைத் தேடி, கட்டைவிரலை வைத்து அனுப்பியிருக்கிறார். அப்புறம் தேடியதில் அப்படி இன்னும் பல கார்டுகள் கிடைத்தன. எத்தனையை நான் ஏற்கெனவே குப்பையில் போட்டேனோ என்று அழுகை வந்துவிட்டது. நீ ஏழாவதாக ஒரு எண் வைத்தாய்: பூஜ்யம். அவர்களுக்கு எழுத்தே இல்லாத கடிதம். தையல் மெஷின் படம், எண்ணெய்க் குப்பியோடு மீசைக்காரர் படம், பள்ளிக்கூடம், சத்திரம், கொட்டகை, பஸ் எல்லாம் படம். பக்கத்தில் நட்சத்திரம். மீசைக்காரரைப் பார்த்துவிட்டு துரைக்கண்ணு, "மூக்கை இன்னா இப்பிடிப் போட்டுட்டே?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படம் வரைந்தது நான்தான்.

உருதுக் கடிதத்தில் இன்னொரு சங்கடம். அது வலமிருந்து இடமாக ஓடும்; நம் நட்சத்திரமோ இடப்பக்கத்தில் விழும். யார் கண்ணிலும் படாது. அதற்காக நீ கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னக் கட்டளை எழுதினாய். எழுபத்தொன்பதாம் கட்டத்தில் ஆறு இருந்தால், நட்சத்திரத்தை வலப்பக்கம் கொண்டுபோய்ப் போடு. அதுவரை போனவர் விட்டுப்போன புரோகிராமைத்தான் ஒட்டுப்போட்டு ஓட்டினாய்; நீயாக எழுதிய முதல் புரோகிராம் அதுதான். முதல் தாள் பிரிண்டரிலிருந்து வந்தபோது நட்சத்திரம் சரியாக வலது ஓரத்தில் நின்றது. "வந்துட்டான் பாரு, சமர்த்து!" என்று அந்தத் தாளுக்கு முத்தம் கொடுத்தாய்.

ஆம்பூர் முகாமின் முதல் நாள் பத்து மணிக்கு டிரங்க் கால். கட்டம் காதிலிருந்து ஒரு அடி தள்ளி ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். துரைக்கண்ணுவின் குரல் நம் வரைக்கும் கேட்டது. "சார், இன்னும் ரெண்டு ஆளை அனுப்புங்க! பொம்பளைங்க மெஷினைத் தலைமேல வெச்சுகினு வந்துகினே கீறாங்க! வண்டி வண்டியா வருது சார்! ரோடே அடைச்சிகினு கீது!" நெல்லூரிலும் அதே கதை.

கட்டம் பம்பாய்க்கு ஒரு தந்தி எழுதினார். அப்புறம் தானே அந்தப் பச்சை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து உனக்குப் பின்னால் நிறுத்தி, "உக்காரு" என்றார். நீ உட்கார்ந்தாய். ஒரு சுற்றுச் சுற்றினாய். நான் பெட்டி நிறையக் கிடந்த காகிதத் துணுக்குகளை இரண்டு கையாலும் அள்ளி உன் தலையில் கொட்டினேன். கட்டத்தின் தலையிலும் கொஞ்சம் விழுந்தது.

மயிலாப்பூரில் விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு முகாம் வைத்தோமே, அதற்கு உன் அம்மி வந்தது உனக்கு நினைவிருக்கும். ரிக்‌ஷாவில் மெஷினை ஏற்றி, தானும் புதுப் புடவை கட்டி, கையில் உருதுக் கடிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். துரைக்கண்ணு மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே கீது, எதுக்கும்மா தூக்கிகினு வந்தே?" என்றார்.

"ஒரு கம்பெனி என் பாஷையில எனக்கு லெட்டர் போட்டுக் கூப்பிட்டிருக்கு. வராம இருப்பாங்களா?" என்றார் அம்மி. நீ அழுதாய். நான் உன்னைவிட அதிகமாக அழுதேன்.

அப்புறம் எத்தனையோ வருடம். உனக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், நீ வேறு பெரிய ஆபீஸ்களுக்குப் போய்ப் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தது, எல்லாம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரை மட்டும் நமக்குத் தவறவில்லை.

நேற்று அந்தக் கடைக்காரப் பெண் பழைய கைபேசியின் உறையைக் கழற்றினாள். உள்ளேயிருந்து நாலாக மடித்த, ஓரத்தில் மட்டும் மாவு காய்ந்த ஒரு தாள் விழுந்தது. பென்சில் கிறுக்கல்களைப் பார்த்துவிட்டு, "இது குப்பைதானே ஆன்ட்டி?" என்று கூடைப் பக்கம் கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது உன் கடைசி மாதத்துத் தாள். மூளையில் ரத்தம் கட்டி உனக்குப் பேச்சு போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது. உன் மகள் தமிழில் எழுதிக் காட்டினாள், உருதில் காட்டினாள், இங்கிலீஷில் காட்டினாள். நீ வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அந்தக் குழந்தை ஓய்ந்துபோனாள். நான் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே இருந்தேன். திடீரென்று எனக்கு நம் பூஜ்யம் ஞாபகம் வந்தது. ஒரு தாளை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகப் படம் போட்டேன். டீ டம்ளர். ஜன்னல். போர்வை. கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு கிழவி, அது நான்தான். மூக்கை இந்தத் தடவையும் சரியாகப் போட வரவில்லை.

பென்சிலை உன் கையில் வைத்தேன். நீ தாளை வெகுநேரம் பார்த்தாய். உன் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. டீயைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, போர்வையைத் தாண்டி, அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் மெதுவாக, கோணல்மாணலாக ஒரு நட்சத்திரம் போட்டாய். வலப்பக்கத்தில் போட்டாய்.

அந்தத் தாள் இப்போது புது உறைக்குள் இருக்கிறது. கடைக்காரப் பெண், "இன்னும் லாங்வேஜே செலக்ட் பண்ணலையே ஆன்ட்டி" என்று நினைவுபடுத்தினாள். எனக்குப் படிக்கத் தெரிந்த வரியைத் தொட்டேன்.

உன் கமலி